கட்டை கப்பலேறிய பிறகு: வாசகர் கேள்வி–பதில்

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம், பலமநேர் தமிழ் வாசகர்களும், இந்தப் பக்கம் திருத்தணி, பள்ளிப்பட்டு வாசகர்களும் எழுதியிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். செம்மரம், வெளிநாட்டு வேலை, இன்டர்போல், உண்டியல் (ஹவாலா) பணம் என்று எல்லாமே எல்லை தாண்டிய குற்றங்களைப் பற்றியவை. காவல், சுங்கம், வனத்துறை அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்கும் குழுவினர் பதில் சொல்கிறார்கள்.

நம் அதிகாரிகள் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போவதாகச் செய்தி வருகிறது. நாடு கடந்த கும்பல்களைப் பிடிக்க அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? துப்பாக்கிப் பயிற்சியா?
— எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கும் மாணவர், சித்தூர்

துப்பாக்கிக்கு அங்கே பெரிய வேலையில்லை. சுடவும் ஓடவும் அவரவர் ஊரிலேயே கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி காகிதத்துக்குத்தான் போகும். இங்கே எடுத்த சாட்சியம் வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும், அங்கே எடுத்தது இங்கே நிற்க வேண்டும். கும்பல் ஒரு போன் அழைப்பில் எல்லையைக் கடந்துவிடுகிறது. சட்டம் கடப்பதற்கு ஏழெட்டு மேசைகளில் கையெழுத்து வேண்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்துகள் மறுக்கப்படாதபடி ஆரம்பத்திலிருந்தே வழக்கைக் கட்டுவதுதான் பாடம்.

அடிப்படை நூல் 2000இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பாலெர்மோ உடன்படிக்கை. 2003 செப்டம்பர் 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2011 மே மாதம் உறுதிசெய்தது. அதன் கணக்குப்படி, பண லாபத்துக்காகவோ வேறு பொருள் லாபத்துக்காகவோ கூடிக் கடுங்குற்றம் செய்யும் மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒரு குற்றக் கும்பல். அதிகபட்சத் தண்டனை நான்கு ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால் அது கடுங்குற்றம். நம் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆவது பிரிவு இரண்டு பேர் இருந்தாலே கும்பல் என்கிறது. ஆனால் முந்தைய பத்தாண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. தேர்வில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வழக்கிலும் இதைக் குழப்பிக்கொண்டு 111ஐச் சேர்த்துவிட்டு, ஜாமீன் விசாரணையில் பழைய குற்றப்பத்திரிகை நகல் இல்லாமல் விழிப்பவர்கள் உண்டு.

பயிற்சி முறை பெரும்பாலும் மேசைப் பயிற்சிதான். நான்கைந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் ஒரு நாடு. ஒரு குழுவின் கையில் சரக்கு, இன்னொன்றின் கையில் வங்கிக் கணக்கு, மூன்றாவதன் கையில் ஆள். யாரிடம் எதை, எந்தப் பிரிவின் கீழ், எந்த வடிவத்தில் கேட்பது என்று எழுத வேண்டும். நடுவில் ஆசிரியர் ஒரு சீட்டை நீட்டுவார்: 'கப்பல் பாதை மாறிவிட்டது, சரக்கு நாளை காலை வேறு துறைமுகத்தில் இறங்குகிறது.' அந்த நாட்டில் யாருக்கு எழுதுவது என்று தெரியாத குழு அங்கேயே தோற்றுவிடும். கடைசி நாளில் மாதிரி நீதிமன்றம் நடக்கும். அதிகாரியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். எல்லாவற்றிலும் பயன் அதிகம் இதற்குத்தான் என்பது எங்கள் கருத்து.

இடங்களைச் சொன்னால், அமெரிக்க உதவியுடன் நடக்கும் பன்னாட்டுச் சட்ட அமலாக்கக் கழகங்களில் முதலாவது 1995இல் புடாபெஸ்டில் தொடங்கியது. பாங்காக், கபரோனே, சான் சால்வடார் பின்னர் வந்தவை. இன்டர்போலின் புத்தாக்க வளாகம் 2015 முதல் சிங்கப்பூரில் இருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஸ்ரீ சத்ய சாயி மாவட்டம் பாலசமுத்திரத்தில் 500 ஏக்கரில் சுங்கம், மறைமுக வரி, போதைப்பொருள் தடுப்புக்கான தேசியக் கழகம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. நம் அதிகாரிகளோடு நட்பு நாட்டு அதிகாரிகளுக்கும் அங்கே பாடம் நடத்தத் திட்டம் உண்டு.

செம்மர வழக்கில் மரம் வெட்டப் போன கூலிக்காரன் வருஷக்கணக்கில் சிறையில் கிடக்கிறான். துபாயிலும் ஹாங்காங்கிலும் இருந்துகொண்டு வாங்குகிறவனை ஏன் தொட முடியவில்லை? இதற்கெல்லாம் பயிற்சியில் வழி சொல்கிறார்களா?
— விசைத்தறி உரிமையாளர், நகரி

வழக்கு செக்போஸ்ட்டில் பிடித்த வண்டியோடு தொடங்கி அந்த வண்டியோடே முடிந்துவிடுகிறது, அதனால்தான். சேஷாசலம் மலையில் வெட்டுகிறவருக்குத் தெரிந்தது அழைத்து வந்த மேஸ்திரியை மட்டும். மேஸ்திரிக்குத் தெரிந்தது வண்டி அனுப்புகிறவனை. முன்னால் போகும் பைலட் வண்டிக்காரனுக்கு ஒரு போன் எண். குடோன்காரனுக்கு ஒரு ஏற்றுமதி முகவர். ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆளை மட்டுமே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் அதிரடிப்படை சுட்டு இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். சரக்குக்குப் பணம் போட்டவன் காட்டுக்குள் காலே வைப்பதில்லை.

பயிற்சியில் சொல்வது, பிடித்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் நடக்க வேண்டும் என்பதைத்தான். பின்பக்கம் காடு, மேஸ்திரி, முன்பணம். முன்பக்கம் குடோன், துறைமுகம், வாங்குகிறவன். இதற்கு மூன்று வேலைகள் ஒழுங்காக நடக்க வேண்டும்.

முதலாவது கட்டையின் பதிவு. ஒவ்வொரு கட்டைக்கும் எண், நீளம், சுற்றளவு, எடை. அளவுகோலை வைத்து இரு முனைகளுக்கும் புகைப்படம். மாதிரித் துண்டு எடுத்து முத்திரை. யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று கையெழுத்து. 'சுமார் 60 கட்டைகள், சுமார் 2 டன்' என்று மகஜரில் (பறிமுதல் குறிப்பில்) எழுதினால் வழக்கு அங்கேயே பாதி போய்விடும். பச்சைக் கட்டை காயக் காய எடை குறையும். ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் நிறுத்தால் நூறு இருநூறு கிலோ குறைவாக வரும், 'மீதியை யார் விற்றார்கள்?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். எடை மேடையின் எண்ணையும் சரிபார்ப்புச் சான்றையும் அன்றைக்கே இணைத்து, கட்டை ஈரமா காய்ந்ததா என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பல் இருக்காது. குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் ஒலி–ஒளிப்பதிவு செய்வது இப்போது கட்டாயம். லாரியைத் திறப்பதற்கு முன்பே பதிவு ஓட வேண்டும், கட்டையை இறக்கி அடுக்கிய பிறகு அல்ல.

மரம் எது என்பதையும் நிறுவ வேண்டும். செம்மரம் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இதே பேரினத்தைச் சேர்ந்த, பார்வைக்குக் கிட்டத்தட்ட இதுபோன்ற மரம் ஒன்றும் 2019இல் அந்தப் பட்டியலுக்கு வந்தது. செம்மரத்தின் வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கும். சீவல் தண்ணீரில் சாயம் விடாது, சாராயச் சத்தில் போட்டால் சிவப்பு இறங்கும். இதெல்லாம் களத்தில் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ள மட்டும். நீதிமன்றத்துக்கு பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வகத்தின் அறிக்கைதான் வேண்டும்.

இரண்டாவது, பிடிக்காமல் விடுவது. சரக்கைக் கண்டுகொண்டும் காணாததுபோல் விட்டு, யார் வந்து வாங்குகிறார் என்று கடைசிவரை பின்தொடர்வது. பாலெர்மோ உடன்படிக்கையின் 20ஆவது கூறு இதற்கு இடம் தருகிறது. நம் சுங்கச் சட்டத்தில் 109ஏ, போதைப்பொருள் சட்டத்தில் 50ஏ. சரக்கை அப்படியே விடலாம், அல்லது பெரும்பகுதியை எடுத்துவிட்டு வேறு பொருளை வைத்து அனுப்பலாம். மாற்றினால் எடை ஒத்துப்போக வேண்டும். கப்பலேறும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடை தர வேண்டும் என்பது 2016 ஜூலை முதல் உலக விதி. இரண்டு டன் கட்டையை எடுத்துவிட்டு ஒரு டன் மரத்தூளை வைத்தால் அங்கே வாங்குகிறவன் எடைச் சீட்டைப் பார்த்தே விலகிவிடுவான். உண்மையான சரக்கில் கொஞ்சம் உள்ளே இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாட்டில் அவன் பெற்றுக்கொண்டது குற்றப் பொருளே அல்ல என்று ஆகிவிடும்.

இந்த முறை கெட்டுப்போவது மூன்று விதத்தில். நடுவில் கப்பல் மாறும் நாட்டில் முன்அனுமதி வாங்காமல் விட்டு, அங்குள்ள சுங்கம் நல்ல எண்ணத்தோடு சரக்கைப் பிடித்துவிடுகிறது. கண்காணிப்பு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இரவில் ஆறு மணி நேரம் இடைவெளி விழுகிறது. மூன்றாவது நம் ஊர் வழக்கம். கட்டைகளை வரிசையாக அடுக்கி, பிடிபட்டவர்களுக்கு முகமூடி போட்டு, அன்று மாலையே பத்திரிகையாளர் சந்திப்பு. மறுநாள் காலைக்குள் அந்தப் பக்கம் சிம் கார்டெல்லாம் தண்ணீரில். புகைப்படத்துக்கு ஆசைப்பட்டு வழக்கை இழப்பதை நாங்கள் வகுப்பில் கொஞ்சம் கடுமையாகவே சொல்வோம்.

மூன்றாவது, வெளிநாட்டிடம் கேட்பது. தகவல் கேட்பது வேறு, சாட்சியம் கேட்பது வேறு. 'இந்த எண் யாருடையது?' என்று சி.பி.ஐ. வழியாக இன்டர்போல் வலையில் கேட்கலாம், துப்புக்கு அது போதும். 2025 ஜனவரியில் தொடங்கிய பாரத்போல் தளத்தில் மாநிலக் காவல்துறை இதைச் சுருக்கமாகவே செய்ய முடிகிறது. ஆனால் அப்படி வந்த பதிலை நீதிமன்றத்தில் ஆவணமாக வைக்க முடியாது. அதற்கு உள்துறை அமைச்சகத்தின் முன்ஒப்புதல் பெற்று, சுரக்ஷா சன்ஹிதாவின் 112ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றத்திலிருந்து வேண்டுகோள் கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதத்தில் 'அங்கே அவருக்குள்ள எல்லா வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும்' என்று எழுதினால் எந்த நாடும் தராது. இன்ன வங்கி, இன்ன கணக்கு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இந்த வழக்குக்கு அது ஏன் தேவை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கட்ட வேண்டும். நம் குற்றம் அந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றம்தானா என்பதும் முக்கியம். 'ஆந்திர வனச் சட்டப் பிரிவு' என்று மட்டும் எழுதினால் ஹாங்காங்கில் படிப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. சைட்டிஸ் அனுமதியில்லாத ஏற்றுமதி, பொய்யான சுங்க அறிவிப்பு, போலி ஆவணம் என்று நடந்ததை விவரித்தால் அவர்கள் சட்டத்தில் அதற்கொரு பிரிவு இருக்கும். தெலுங்கு பஞ்சநாமாவும் (மகஜரும்) தமிழ் வாக்குமூலமும் சேர்ந்த கோப்பாக இருந்தால் மொழிபெயர்ப்பில் தேதியும் எண்ணும் மாறாமல் இருக்கின்றனவா என்று இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லைப்புற வழக்குகள் சறுக்குமிடம் இது.

எங்கள் லாரிகள் சென்னைத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகின்றன. நமக்குத் தெரியாமல் சரக்கு மாறி மாட்டிக்கொள்ளாமல் இருக்க டிரைவரிடம் என்ன சொல்லி வைக்கலாம்?
— லாரி உரிமையாளர், திருத்தணி

நல்ல கேள்வி. சுங்கச் சட்டம் 115ஆவது பிரிவில், கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டி பறிமுதலாகும். உங்களுக்கும், உங்கள் முகவருக்கும், வண்டியை ஓட்டியவருக்கும் தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். டிரைவருக்கு மட்டும் தெரிந்திருந்தாலும் சிக்கல்தான்.

கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் பெட்டிக்குள் ஒரு சோதனை இலக்கம் இருக்கும். முந்தைய பத்திலிருந்து கணக்கிட்டுப் போட்டது அது. வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டு சி.எஸ்.கியூ.யூ. 305438–3. எழுத்துகளுக்கு 13, 30, 28, 32 என்று மதிப்பு. ஏ–க்கு 10இல் தொடங்கி, 11, 22, 33 ஆகியவற்றை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டு போனால் இது வரும். பத்து மதிப்புகளையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. டிரைவர் இதைப் போட வேண்டியதில்லை, அலுவலகத்தில் போனிலேயே பார்த்துவிடலாம். பெயின்ட் அடித்து ஒரு இலக்கத்தை மாற்றிய பெட்டி இதில் மாட்டிக்கொள்ளும்.

முத்திரை போல்ட்டில் 'எச்' என்ற குறி இருக்க வேண்டும், அது உயர்பாதுகாப்பு வகை. எண்ணைக் காகிதத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடச் சொல்லுங்கள். முத்திரையை உடைக்காமலே கதவைத் திறக்கும் வித்தை உண்டு. கைப்பிடியின் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் புது ரிவெட் போட்டுப் பெயின்ட் பூசிவிடுவார்கள். அதனால் ரிவெட்டின் தலை, கீல், பெயின்ட் நிறம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஏற்றிய இடத்தில் நான்கு பக்கமும் முத்திரையும் தெரியும்படி படம், துறைமுக வாசலில் மறுபடி படம். ஜி.பி.எஸ். பதிவை அழிக்காதீர்கள். வழியில் 'அரை மணி நேரம் குடோனில் நிறுத்து, டீ குடித்துவிட்டு வா' என்று யாராவது சொன்னால் அந்த அரை மணி நேரம்தான் ஆபத்து.

எடையும் பேசும். 20 அடி கண்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். துணிக்கழிவு என்று எழுதிவிட்டுப் பெட்டி பாதிகூட நிரம்பாமல் எடை மட்டும் ஏறி நின்றால் ஸ்கேனரில் இருப்பவர் சும்மா விட மாட்டார். படத்தில் தரையோடு கனமாகப் படிந்த பகுதியும் மேலே வெற்றிடமும் வட்ட வட்டமாகக் கட்டை முனைகளும் தெரியும். சந்தேகம் வந்தால் நீங்களாகத் திறக்கவே கூடாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு சுங்கத்துறைக்கோ வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்துக்கோ சொல்லுங்கள்.

இன்டர்போல் ரெட் நோட்டீஸ் விட்டால் எந்த நாட்டுப் போலீஸும் கைது செய்தாக வேண்டும், இல்லையா?
— வாசகர், புத்தூர்

இல்லை. அது கைது வாரண்ட் அல்ல. 'இந்த ஆளை எங்கள் நீதிமன்றம் தேடுகிறது, கண்டால் உங்கள் சட்டப்படி பிடித்து வையுங்கள்' என்ற வேண்டுகோள். அதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதை 196 உறுப்பு நாடுகளும் அவரவர் சட்டப்படி முடிவு செய்கின்றன. நீல நோட்டீஸ் ஒருவரின் அடையாளம், இருப்பிடம் அறிய. மஞ்சள், காணாமல் போனவருக்கு. கறுப்பு, அடையாளம் தெரியாத உடலுக்கு. ஊதா, குற்றம் செய்யும் முறையைப் பகிர. அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் இன்டர்போல் தலையிடக் கூடாது என்பது அதன் சாசனத்தின் 3ஆவது விதி. மனுவில் அந்த வாசனை அடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் அக்கா மகன் பி.காம். முடித்திருக்கிறான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம், டூரிஸ்டாகப் போனால் போதும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். அனுப்பலாமா?
— இல்லத்தரசி, குப்பம்

அனுப்பாதீர்கள், அம்மா. சுற்றுலாவாக நுழைந்தவர் அங்கே வேலை செய்ய அனுமதியில்லை. இப்படிப் போனவர்களைப் பாங்காக்கிலிருந்து மே சோட் என்ற எல்லை ஊருக்கு வண்டியில் கொண்டுபோய், ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்திருக்கிறார்கள். அங்கிருந்து மீட்ட 549 இந்தியர்களை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் அரசு அழைத்து வந்தது. கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே வேலை நடக்கிறது.

ஒரு விவரம் கவனியுங்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அதற்கான சோதனை உண்டு. பட்டதாரிக்கு அந்தச் சோதனை இல்லை. மோசடிக்காரர்கள் கணினி தெரிந்த பட்டதாரியைத் தேடுவதற்கு இதுவும் வசதியாகிவிடுகிறது. ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு இ–மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. எண் தர மறுத்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஒருவர் போய்ச் சிக்கியிருந்தால் விளம்பரம், டிக்கெட், ஏஜென்ட்டின் யு.பி.ஐ. முகவரி, அவர் அனுப்பிய குரல் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். டெலிகிராமில் காட்டும் பெயரை நிமிடத்தில் மாற்றிவிடலாம், கணக்கின் எண் அடையாளம் மாறாது. தெரிந்த பிள்ளைகள் யாரையாவது விட்டு அதை எடுத்துக் குறித்து வையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் 'எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்று சொன்னால், எந்த நிலையத்திலும் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்ற சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவைச் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்திலும் புகார் பதிய வேண்டும்.

பயிற்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறோம். ஆள்கடத்தல் என்று நிறுவ மூன்று வேண்டும்: அழைத்துப் போன செயல், ஏமாற்று அல்லது மிரட்டல் போன்ற வழி, சுரண்டும் நோக்கம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் இரண்டாவது தேவையில்லை. ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. திரும்பி வந்தவரை விமான நிலையத்தில் 'எத்தனை பேரை ஏமாற்றினாய்?' என்று தொடங்கினால் அவர் வாயை மூடிக்கொள்வார், சாட்சி போயிற்று. பாஸ்போர்ட்டை யார் வாங்கி வைத்தார்கள், வெளியே போக விட்டார்களா, ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசச் சொன்னார்கள், தவறினால் என்ன செய்தார்கள், ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்றார்களா — இந்த வரிசையில் கேட்கப் பழக்குகிறோம்.

வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் பிரின்ட் எடுத்துக் கோப்பில் வைத்தால் போதாதா? எங்கள் வழக்கொன்றில் ஏற்க மறுத்துவிட்டார்கள்.
— இளம் வழக்கறிஞர், பலமநேர்

போதாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்று வேண்டும். அதில் ஏ பகுதியைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் பி பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும், ஹேஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) எந்த முறையில் எடுத்தது என்பதும் இருக்க வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் ஹேஷ் முழுவதும் மாறிவிடும். அதனால்தான் கைப்பற்றிய போனை நிலையத்தில் ஆளுக்கு ஆள் வாங்கிப் புரட்டிப் பார்ப்பது வழக்கைக் கெடுக்கிறது. கைப்பற்றியதும் ஏரோபிளேன் மோடில் போட்டு, சிக்னல் புகாத உறையில் வைத்து, சார்ஜ் இறங்காமல் ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை. அணைத்துவிட்டால் மறுபடி திறக்கக் கடவுச்சொல் இல்லாமல் அதிலிருக்கும் பெரும்பாலானது எட்டாமல் போய்விடலாம். அணைக்காமல் சிக்னலிலேயே விட்டாலோ வெளியிலிருந்து அழித்துவிடுவார்கள்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் விவரம் கேட்கும்போது நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஜூன் 10 அதிகாலை 1:30 என்பது அங்கே ஜூன் 9 இரவு 8 மணி. இதைக் கவனிக்காததால் சம்பந்தமில்லாத ஒருவரின் பெயர் வந்திருக்கும், அவர் வீட்டுக்குப் போலீஸும் போயிருக்கும். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 05/06 என்பதை அமெரிக்காவில் மே 6 என்று படிப்பார்கள். ஒரே ஐ.பி. முகவரியைப் பலர் பகிர்வதால் போர்ட் எண்ணும் சேர்ந்தால்தான் ஆள் கிடைக்கும்.

முதல் வேலை பாதுகாத்து வைக்கச் சொல்வது. அமெரிக்கச் சட்டப்படி அரசுத் தரப்பு கேட்டால் நிறுவனம் 90 நாள் அழியாமல் வைத்திருக்கும், புதுப்பித்தால் இன்னொரு 90. முறையான வேண்டுகோள் கடிதம் போய்ச் சேர அதற்கு மேலாகும் என்பதால், புதுப்பிக்கும் தேதியைக் கோப்பின் அட்டையிலேயே எழுதிவைக்கச் சொல்கிறோம்.

பணியில் இருந்தபோது வெளிநாட்டுக்குப் பெயர் அனுப்பினால் 'பதிவு இல்லை' என்றே பதில் வரும். ஆள் அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியும். ஏன் அப்படி?
— ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், நகரி

பெயர் போன விதம் காரணமாக இருக்கும். எஃப்.ஐ.ஆரில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிய எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில். தேடும் கணினி குடும்பப் பெயரைத்தான் முதலில் பார்க்கும். 'கே. செல்வம்' என்று அனுப்பினால், 'கே' என்ற குடும்பத்தில் செல்வம் என்று ஒருவரைத் தேடி இல்லை என்றுவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, வேறு எழுத்துக்கூட்டல்கள், இருந்தால் பத்து விரல் ரேகை. ரேகைக்கு எழுத்துக்கூட்டல் பிரச்சினை கிடையாது.

உண்டியல் வழியாக வரும் பணத்துக்கு ரசீதே இல்லையே, அதை எப்படிப் பிடிக்கிறார்கள்?
— நகைக்கடை ஊழியர், பள்ளிப்பட்டு

ரசீது உண்டு, பத்து ரூபாய் நோட்டு. அதன் வரிசை எண்ணை இந்தப் பக்கம் போனில் அனுப்புவார்கள், அந்தப் பக்கம் அதே நோட்டைக் காட்டுகிறவருக்குப் பணம். சோதனையில் லட்சக்கணக்கான ரூபாயை எண்ணிக் கட்டுகிறவர்கள், சட்டைப் பையில் தனியாகக் கிடந்த ஒற்றைப் பழைய நோட்டையும் அந்தக் கட்டிலேயே சேர்த்துவிடுகிறார்கள். துப்பே அந்த நோட்டுதான். அதைத் தனியாகப் படமெடுத்து, போனில் அந்த எண் எங்கே வருகிறது என்று தேட வேண்டும்.

இரு உண்டியல்காரர்களும் கணக்கு நேர்செய்துகொள்ளப் பெரும்பாலும் சரக்கு விலையைப் பயன்படுத்துகிறார்கள். நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஆயிரம் என்று பில் போட்டால் தொள்ளாயிரம் வங்கி வழியாகவே கடந்துவிடும். ஆகவே ஏற்றுமதி பில்லையும் சந்தை விலையையும் ஒப்பிடக் கற்றுத்தருகிறோம். இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவு வெளிநாட்டுப் பிரிவுகளோடு தகவல் பரிமாறிக்கொள்ளும். ஆனால் அதுவும் துப்புதான், சாட்சியத்துக்கு மறுபடி அதே வேண்டுகோள் கடிதம்தான்.

இவ்வளவு பயிற்சி கொடுத்தும் பலன் கண்ணில் படவில்லையே?
— கல்லூரி ஆசிரியர், சித்தூர்

பாதி நியாயமான குறை. போதைப்பொருள் பயிற்சி பெற்றவர் ஆறு மாதத்தில் போக்குவரத்துக்கு மாற்றலாகிறார். புலனாய்வாளருக்குப் பயிற்சி கிடைக்கிறது, அரசு வழக்கறிஞருக்கும் கோப்பை எழுதும் ரைட்டருக்கும் கிடைப்பதில்லை. மகஜரை உண்மையில் எழுதுகிறவர் அந்த ரைட்டர்தான். எங்களைக் கேட்டால், ஒருவரைப் பாங்காக் அனுப்பும் செலவில் சித்தூரிலேயே காவல், வனம், சுங்கம், வழக்கறிஞர் எல்லோரையும் ஒரே அறையில் மூன்று நாள் உட்கார வைக்கலாம். அவர்களில் பலர் ஒருவரையொருவர் முதல்முறையாகப் பார்ப்பதே அந்த அறையில்தான் இருக்கும்.

காவல்துறையில் இல்லாதவர் இதைப் படிக்க வழியுண்டா?
— சட்டக் கல்லூரி மாணவி, திருப்பதி

உண்டு. ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் பல்கலைக்கழகங்களுக்காக எழுதிய ஒழுங்கமைந்த குற்றம் பற்றிய பாடத் தொகுதிகள் இணையத்தில் இலவசம். சைட்டிஸ் அமைப்பின் இணையக் கல்லூரியும் அப்படியே. இன்டர்போல் பாடங்கள் அதிகாரிகளுக்கு மட்டும். முதலில் பாலெர்மோ உடன்படிக்கையின் 2, 3, 18, 20 ஆகிய கூறுகளைப் படியுங்கள். பிறகு நம் சுரக்ஷா சன்ஹிதாவின் 112, 113 பிரிவுகளை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். 112 நாம் கேட்பது, 113 நம்மிடம் கேட்பது. இரண்டாவதை வகுப்பில் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள்.